பல்லக்கின் முன்னே ஒரு தொம்மு

முன்னொரு காலத்தில், தன் காதில் விழும் ஒவ்வொரு சொல்லும் தனக்குப் புரிந்தாக வேண்டும் என்று அடம்பிடித்த அரசன் ஒருவன் இருந்தான். அவன் பல்லக்கை எட்டுப் பேர் சுமந்தார்கள். பின்னால் வருகிறவர்களுக்கு வழி தெரியாது. அதனால் முன்னே போகும் உடையப்பன் கல்லைக் கண்டால் "சில்லி!" என்பான், பள்ளத்தைக் கண்டால் "தொம்மு!" என்பான்.

"அரசே, அது தங்களைப் பழிக்கும் மறைமொழி" என்று அரசன் காதில் ஓதினார் அமைச்சர் தாண்டவராயர். உடையப்பன், அவை விகடர் கூத்தபிரானின் நண்பன். கூத்தபிரானைக் கண்டாலே அமைச்சருக்கு வயிற்றெரிச்சல்.

அரசன் ஆணையிட்டான்: "இனி எவரும் அவையில் பேசுவதுபோல் முகமன் கூறி, முழு வாக்கியமாகவே பேச வேண்டும். உடையப்பனுக்கு நாளை இருபது கசையடி."

கூத்தபிரானுக்கு நெஞ்சு கொதித்தது. பத்து ஆண்டுகளில் ஒருமுறைகூட அரசனைக் கீழே விடாத தோள்! காய்த்துப்போன அந்தத் தோளிலா கசை? கோயிலுக்குப் போய் ஈசன் சந்நிதியில் நின்றும் கோபம் அடங்கவில்லை.

வெளியே காத்திருந்த உடையப்பன் தன் மோர்க் கலயத்தை நீட்டினான். "வெயில்ல வந்திருக்கீங்க, குடிங்க சாமி. எனக்காக நீங்க வம்புல மாட்டிக்காதீங்க."

அடி வாங்கப் போகிறவன் கொடுத்த மோர்! அது உள்ளே இறங்கும்போதே கூத்தபிரானுக்கு ஒரு வழி தோன்றியது.

மறுநாள் அவையில் வணங்கி நின்றார். "அரசே, கசையடிக்கு முன் தங்கள் ஆணையை ஒருமுறை நடத்திப் பார்ப்போம். அமைச்சர் பல்லக்கில் அமரட்டும். உடையப்பன் இடத்தில் அடியேன் தோள் கொடுக்கிறேன். தாங்கள் குதிரையில் உடன் வர வேண்டும்."

"விகடனுக்கு ஏற்ற வேலைதான்!" என்று எகத்தாளமாகச் சிரித்தபடி ஏறி அமர்ந்தார் தாண்டவராயர்.

மழை பெய்து ஓய்ந்த வீதி. சேற்றுப் பள்ளம் ஒன்றைக் கண்ட கூத்தபிரான், அதை ஒதுங்கிக் கடந்தபடியே பேசத் தொடங்கினார்.

"பின்னே வரும் அன்பர்களே, வணக்கம். ஈசன் அருளால் அனைவரும் நலம்தானே? தங்கள் திருவடிகளுக்கு ஆறு சாண் முன்னே, வலப்பக்கத்தில், இன்றைய மழையால் உண்டானதும், முழங்கால் ஆழம் இருக்கக்கூடியதுமான ஒரு..."

பின்னால் வந்தவர்களின் கால் பள்ளத்தில் இறங்க, பல்லக்கின் பின்தண்டு சரிந்தது. தாண்டவராயர் உருண்டுபோய்ச் சேற்றில் விழுந்தார்.

"அடப் பாவிங்களா! சட்டுனு ஒரு வார்த்தை கத்தித் தொலைச்சா என்ன?"

"வாக்கியம் இன்னும் முடியவில்லை, அமைச்சரே" என்றார் கூத்தபிரான். சுமந்தவர்களுக்கு அடிபடவில்லை என்று பார்த்துக்கொண்ட பிறகே அரசனிடம் திரும்பினார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "அரசே, தொம்மு என்றால் பள்ளம், அவ்வளவுதான். சுமக்கிறவனிடம் மிஞ்சுவது ஒரு சொல்லுக்கான மூச்சுதான். அதையும் தங்களைக் காக்கச் செலவிட்டவனையா அடிப்பது?"

அரசன் தலைகுனிந்தான். பிறகு, மீசையில் சேறு வழிய நின்ற அமைச்சரைப் பார்த்துக் குதிரையே மிரளும்படி சிரித்தான். கசையடி நின்றது, ஆணை ரத்தானது. கூத்தபிரானுக்கு முத்துமாலை கிடைத்தது. அவர் கேட்டு வாங்கியது வேறு: எட்டுப் பேரின் தோளுக்கும் நாள்தோறும் நல்லெண்ணெய்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும் வழியில் பல்லக்கின் திரை விலகியது. அரசனின் தலை வெளியே நீண்டது.

"உடையப்பா, பார்த்து! தொம்மு, தொம்மு!"