உப்பு வைத்து வாங்கிய சத்தியம்

கதையைக் கேளுங்கள், ஆனால் இடத்தைத் தேடிக்கொண்டு போய்விடாதீர்கள். ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயரையும் மாற்றித்தான் சொல்கிறேன். ஏன் என்பது போகப் போக உங்களுக்கே விளங்கும்.

ஆலங்கரடு என்றொரு பாளையம். கும்பினிக்காரனை எதிர்த்து அங்கே முத்திருளன் என்ற தளபதி சண்டையிட்டு மாண்டான். அவன் பிணத்தைக் கோட்டை வாசலில் தொங்கவிட்டு ஊரை மிரட்ட வேண்டும் என்று கும்பினிக்காரனுக்கு ஆசை. அதற்குள் முத்திருளனின் கூட்டாளி ஒருவன் உடலைத் தூக்கிக்கொண்டு போய் யாருக்கும் தெரியாமல் புதைத்துவிட்டான். புதைத்த கையோடு தன் பிள்ளைகளைக் கூப்பிட்டு, நாக்கில் உப்பு வைத்துச் சத்தியம் வாங்கினான். "வெளியாருக்கு இடத்தை வாயால் சொல்லமாட்டேன். கையால் காட்டமாட்டேன். எவனையும் அங்கே தோண்ட விடமாட்டேன். மீறினால் என் வம்சம் விளங்காது." அந்த வீட்டில் விவரம் தெரியும் வயது வந்த ஒவ்வொரு பிள்ளையும் அன்றிலிருந்து இந்தச் சத்தியத்தைச் செய்துதான் தீர வேண்டும்.

இன்று அந்த வீட்டில் மிஞ்சியிருப்பது அண்ணனும் தங்கையும். அண்ணன் சுடலைக்கண்ணு பஞ்சர் கடை வைத்திருக்கிறான். தங்கை மாடத்தி அங்கன்வாடியில் வேலை. அவளுடைய ஒரே மகள் பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்திருந்தாள், நிறைமாதம்.

ஊரில் பாளையப் போர் நினைவுச் சங்கம் என்று ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமையானால் அரிவாளோடு கோட்டை மேட்டுக்குப் போய்ச் சீமைக்கருவேலம் வெட்டுவார்கள். முத்திருளன் நாளில் பந்தல் போட்டு மோர் கொடுப்பார்கள். தலைவர் பரமார்த்தலிங்கம், தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். "முத்திருளனைப் புதைச்ச இடத்தை மட்டும் கண்டுபிடிச்சிட்டா நான் நிம்மதியாக் கண்ணை மூடுவேன்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்புவார். மாடத்தியும் சங்கத்தில் இருந்தாள். காவலுக்காகத்தான் சேர்ந்தாள் என்பது யாருக்குத் தெரியும்?

சங்கம் ஒரு நினைவுத் தூண் நிறுத்த முடிவு செய்தது. பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று மேட்டின் கிழக்கு ஓரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அடக் கடவுளே, அத்தனை பெரிய மேட்டில் அந்த இடம்தானா கிடைத்தது! போதாக்குறைக்கு, "மாடத்தி மாதிரி உழைச்சவங்க யாரு? முதல் மண்வெட்டியை அவங்களே போடட்டும்" என்று கைதட்டினார்கள்.

கைதட்டல் அடங்குமுன்பே மாடத்தி எழுந்தாள். "அந்த இடம் வேண்டாம் சார்" என்றாள்.

"ஏம்மா?" என்றார் தலைவர்.

"கறையான் மண்ணு."

"ஆளுயரத்துக்குத் தோண்டிக் கான்கிரீட் போடுறோம். கறையான் என்னம்மா பண்ணும்?"

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் அழுதாள். "தலைவர்கிட்ட மட்டும் சொல்லிரட்டுமாண்ணே?"

"கிறுக்கு புடிச்சிருக்காட்டி உனக்கு? நம்ம பிள்ளை வாயும் வயிறுமா இருக்கா."

"தோண்டவிட்டாலும் சத்தியம் போயிருமேண்ணே."

"தோண்டுதது அவங்க. நாம வாயை மூடிட்டு இருந்தா, பாவம் அவங்களோட."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. சொன்னாலும் போச்சு, சொல்லாவிட்டாலும் போச்சு. மகளின் வயிற்றைப் பார்க்கும்போதெல்லாம் 'வம்சம் விளங்காது' என்ற சொல்தான் அவள் காதில் விழுந்தது. எங்கேயாவது ஓடிவிடலாம் என்றால், இந்த நிலைமையில் மகளை யாரிடம் விட்டுவிட்டு ஓடுவது?

குறித்த நாள் வந்தது. பொக்லைன் வந்து நின்றது. மண்வெட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து மாடத்தி கையில் கொடுத்தார்கள். அவள் அதை ஓரமாக வைத்தாள். செருப்பைத் தள்ளிக் கழற்றிப் போட்டாள். நேரே கிழக்கு ஓரத்துக்குப் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டாள். கெஞ்சினார்கள், அதட்டினார்கள். "எந்திரிச்சு வாட்டி!" என்று அண்ணன் கத்தினான். அவள் அசையவில்லை. கண்ணீர்தான் வழிந்தது.

பரமார்த்தலிங்கம் கிட்டே போய்க் குனிந்தார். தள்ளிக் கழற்றிப் போட்டிருந்த செருப்பைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். "இங்கேயா தாயி?" என்று அவளுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார். அவள் தலையசைக்கவில்லை, கண்களை மூடிக்கொண்டாள்.

அவர் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார். "மாடத்தி சொன்னது சரிதான். இது கறையான் மண்ணு, தூண் நிக்காது. பொக்லைனை மேற்கே திருப்புங்க" என்றார்.

"நேத்துவரைக்கும் நல்லா இருந்த மண்ணுல இன்னைக்குக் கறையான் புகுந்துட்டாக்கும்!" என்று கூட்டம் சிரித்தது. கிழவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவு கட்டி, அடுத்த கூட்டத்திலேயே வேறு தலைவரைப் போட்டுவிட்டார்கள். அவர் கணக்கு நோட்டைக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டார். மாடத்தியிடம் அதைப் பற்றி மறுபடி கேட்கவே இல்லை.

இடத்தைப் பற்றி வாயைத் திறக்காத அண்ணன், போய் உட்கார்ந்த தங்கை, கூசாமல் பொய் சொன்ன தலைவர். இதில் யார் செய்தது சரி? யோசித்துவிட்டு மேலே படியுங்கள்.

விடை: அந்தச் சத்தியமே முத்திருளனின் உடம்புக்காகச் செய்தது. சுடலைக்கண்ணு தன் வாயைக் காத்தான், அந்த உடம்பைக் கைவிட்டான். ஆகவே அவன் செய்தது சரியில்லை. மாடத்தி செய்தது சரி. ஆனால் போய் உட்கார்ந்ததும் காட்டிக்கொடுத்ததுதான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் உட்கார்ந்தாள். அதைவிடச் சரி பரமார்த்தலிங்கம் செய்தது. நாக்கில் உப்பு வாங்காத அந்த மனுஷன் பொய் சொல்லி, பதவியையும் விட்டு, அவள் சத்தியத்தைக் காத்துக் கொடுத்தார். இடம் இன்றுவரை ஊருக்குத் தெரியாது. இதை மாடத்தியிடம் யார் சொல்லிப் புரியவைப்பது? பேரன் பிறந்து கொழுகொழுவென்றுதான் இருக்கிறான். அவன் ஒரு தும்மல் போட்டால் போதும், அவளுக்கு உயிர் போய் உயிர் வருகிறது.