மூக்கு மட்டும் பேனர் ஏறிய கதை

முத்தலாங்குளத்தில் சங்கையா என்று ஒருவன் இருந்தான். அவனுக்குப் பெத்துராசு, கொண்டல்சாமி, பால்ச்சாமி என்று மூன்று கூட்டாளிகள். நாலு பேரும் சொன்ன வேலையைச் சொன்னபடியே செய்வார்கள். அதுதான் ஊருக்குப் பயம். அடுப்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனால், பால் பொங்கி வழிந்து தரையெல்லாம் ஓடினாலும் அடுப்பையேதான் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். பாலைப் பார்க்கச் சொல்லவில்லையே!

இந்தப் பால்ச்சாமிக்கு ஒருவழியாகக் கல்யாணம் கூடி வந்தது. பெண்ணுக்கு ஊர் நல்லமுத்தன்பட்டி. அங்கே மண்டபத்து வாசலில் நண்பர்கள் சார்பாக ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் வைக்காவிட்டால் மாப்பிள்ளைக்கு ஆள் இல்லை என்று நினைத்துவிடுவார்கள். அந்தப் பொறுப்பைச் சங்கையா ஏற்றுக்கொண்டான். அவனிடம்தான் நல்ல போன் இருந்தது. அதோடு, வெளியே சொல்லாத ஒரு ஆசையும் இருந்தது. ஊரில் காது குத்துக்கும் சடங்குக்கும் எத்தனையோ பேர் முகம் பேனர் ஏறிவிட்டது. சங்கையா முகம் மட்டும் இன்னும் ஏறவில்லை.

டவுனில் பேனர் கடை வைத்திருந்த மரியதாஸுக்குப் போன் போட்டான்.

"படம் தெளிவா இருக்கணும் தம்பி. போன்ல ஒரு நல்ல கேமரா ஆப் போட்டுக்கோ. எடிட் பண்ண ஒரு ஆப் போட்டுக்கோ. ரெண்டும் லேசான ஆப்பா பார்த்துப் போடு, போன் தாங்காது" என்றார் மரியதாஸ்.

லேசானதா, கனமானதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கொண்டல்சாமி வெங்காய வியாபாரி. தராசை எடுத்துக்கொண்டு, மற்ற இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு சங்கையா வீட்டுக்கே வந்துவிட்டான். முதலில் வெறும் போனை நிறுத்தார்கள். பிறகு ஒரு கேமரா ஆப்பை இறக்கி மறுபடி நிறுத்தார்கள். முள் அசையவில்லை.

"ரொம்ப லேசான ஆப்பா இருக்கே, மாப்ளே!" என்றான் சங்கையா சந்தோஷமாக.

கொண்டல்சாமி தலையை ஆட்டினான். "ஒரு வெங்காயத் தோல் போட்டாக்கூட என் தராசு காட்டிக் கொடுத்துரும். இது அசையவே இல்லைன்னா ஆப்பு உள்ளே வரலைன்னு அர்த்தம்."

சரி, வராததை வரவழைப்போம் என்று இன்னொன்றை இறக்கினார்கள். அதுவும் எடை காட்டவில்லை. முகத்தை வெளுப்பாக்கும் ஆப், பூனைக் காது வைக்கும் ஆப், மீசை முளைக்க வைக்கும் ஆப் என்று அகப்பட்டதையெல்லாம் இறக்கினார்கள். முள் அப்படியே நின்றது. கடைசியில் போனே பேசியது: 'இடம் போதவில்லை. தேவையற்ற பொருட்களை நீக்கி இடத்தைக் காலி செய்யவும்.'

நாலு பேரும் வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள்.

"போன் சொல்றதும் நியாயம்தான்" என்றான் பெத்துராசு. கண்ணாடி போட்டிருந்ததால் அவன் பேச்சுக்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு. "இந்த அறையிலே கால் வைக்க இடம் இருக்கா? ஆப்பு எங்கே வந்து உக்காரும்?"

கயிற்றுக் கட்டில் முதலில் வெளியே போனது. உர மூட்டை, மாவு ஆட்டும் கிரைண்டர், டிவி எல்லாம் பின்னாலேயே போயின. தெருவில் போனவர்கள் வீட்டை ஜப்தி செய்கிறார்களோ என்று நின்று பார்த்தார்கள். காட்டிலிருந்து புல்லுக்கட்டோடு வந்த சங்கையாவின் மனைவி பேச்சியம்மா, வாசலில் கிடந்த கிரைண்டரைப் பார்த்தாள்; நடுவீட்டில் தனியாகத் தரையில் கிடந்த போனைப் பார்த்தாள்; புல்லுக்கட்டைக் கீழே போட்டாள்.

"என்னய்யா இது கூத்து?"

"போன்தான் காலி பண்ணச் சொல்லுச்சு" என்றான் சங்கையா.

அவள் போனைப் பிடுங்கி, கேமரா ஆப் ஒன்றையும் எடிட்டிங் ஆப் ஒன்றையும் விட்டுவிட்டு மிச்சத்தையெல்லாம் அழித்தாள். "உள்ளே கிடக்கிற குப்பையைத்தான் நீக்கச் சொல்லுது. கிரைண்டரைத் தூக்கி உள்ளே வைங்க" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குப் புல் போடப் போனாள்.

மறுநாள் காலை கேமரா ஆப்பைத் திறந்ததும் அது மரியாதையாக ஒரு கேள்வி கேட்டது: 'மைக்ரோஃபோனைப் பயன்படுத்த அனுமதிக்கிறீர்களா?'

"அனுமதிக்கலாம். ஆனா நம்மகிட்டே மைக் ஏது?" என்றான் பால்ச்சாமி.

"இல்லாத பொருளுக்கு அனுமதி கொடுத்தா அது பொய் சொன்ன மாதிரி" என்றான் பெத்துராசு. "கல்யாண காரியத்தைப் பொய்யிலே ஆரம்பிக்கக் கூடாது."

ஓடிப்போய் மைக்செட் துரைக்கண்ணு கடையிலிருந்து ஸ்டாண்டோடு ஒரு மைக்கைத் தூக்கி வந்தார்கள். அதைப் போன் பக்கத்தில் நிறுத்தி வைத்துவிட்டு, நெஞ்சில் கனமில்லாமல் 'அனுமதி' என்பதை அமுக்கினான் சங்கையா.

படம் எடுக்குமுன் மரியதாஸிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டார்கள். "படம் எடுக்கும்போது சூரியன் முதுகுக்குப் பின்னாடி இருக்கணும்" என்றார் அவர்.

"யார் முதுகுக்கு?" என்றான் கொண்டல்சாமி, போனை வைத்த பிறகு.

"அவர் பேர் சொல்லலையே. அப்போ எல்லார் முதுகுக்கும்தான்" என்றான் பெத்துராசு.

அப்படியே கிழக்கே முதுகைக் காட்டி மூன்று பேரும் வரிசையாக நின்றார்கள். சங்கையாவும் கிழக்கே முதுகைக் காட்டியபடி அவர்களுக்குப் பின்னால் போய் நின்றான். "எல்லாரும் சிரிங்க" என்றான். மூன்று பேரும் எதிரே இருந்த கண்மாயைப் பார்த்து நன்றாகச் சிரித்தார்கள். படத்தை அனுப்பிய கொஞ்ச நேரத்தில் மரியதாஸ் கூப்பிட்டார்.

"முகம் எங்கேய்யா?"

"முன்பக்கம் இருக்கு அண்ணாச்சி."

"மாப்பிள்ளை யாருன்னே தெரியலையே!"

"நடுவிலே நிக்கிறான். சட்டையைக் கழட்டச் சொன்னா முதுகுல பெரிய மச்சம் தெரியும். சொந்தக்காரங்க கண்டுபிடிச்சிருவாங்க."

"திருப்பி எடுத்து அனுப்பு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார் மரியதாஸ். சங்கையா போனைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து, அதே முதுகுகளை இன்னொரு தடவை எடுத்து அனுப்பினான்.

நல்ல வேளையாக அந்நேரம் மைக்கைத் தேடிக்கொண்டு துரைக்கண்ணு வந்தார். விஷயத்தைக் கேட்டார். நாலு பேரையும் தோளைப் பிடித்துத் திருப்பி, சூரியனுக்கு முகம் காட்டி நிறுத்தினார். தானே ஒரு படம் எடுத்துக் கொடுத்துவிட்டு, மைக்கைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

படம் என்றால் படம், அப்படி விழுந்திருந்தது! நடுவில் பால்ச்சாமியும் கொண்டல்சாமியும், வலப்பக்கம் பெத்துராசு, இடப்பக்கம் சங்கையா. பேனரில் தன் முகம் எவ்வளவு பெரிதாக வரும் என்று சங்கையா கைகளை விரித்து அளந்து பார்த்தான்.

மரியதாஸுக்கும் மனம் குளிர்ந்தது. "இது படம்! இடது ஓரத்துல மட்டும் ஒரு ஆடு நிக்குது பாரு. எடிட்டிங் ஆப்ல போய், ஓரத்துல நிக்கிறதை வெட்டிட்டு அனுப்பு."

சங்கையா ஆட்டை வெட்டினான். பெத்துராசு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தான்.

"ஓரத்துல நிக்கிறதை வெட்டணும்னுதானே சொன்னார்? இப்போ ஓரத்துல நீ நிக்கிறே."

சங்கையா போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். "நான் ஆடு இல்லையே, மாப்ளே."

"அவர் ஆட்டை வெட்டுன்னு சொல்லலை. ஓரத்துல நிக்கிறதை வெட்டுன்னுதான் சொன்னார்."

கூட்டாளி கல்யாணம். சங்கையா கண்ணை மூடிக்கொண்டு, தன் விரலாலேயே தன்னை வெட்டினான். கண்ணைத் திறந்ததும், "அந்தப் பக்கத்து ஓரத்துல நீ நிக்கிறே" என்றான். பெத்துராசு நியாயஸ்தன். கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "வெட்டு" என்றான்.

மிச்சம் இரண்டு பேர். "நான் நடுவிலேதான் நின்னேன்!" என்று கொண்டல்சாமி கத்தினான்.

"நின்னே. இப்போ இல்லை" என்றான் சங்கையா.

பால்ச்சாமி மட்டும் நின்றான். ஆனால் அவனுக்கும் ஓரம் இருந்தது. இரண்டு ஓரத்திலும் இரண்டு காது. காதை வெட்டினால் கன்னம் ஓரத்துக்கு வந்தது. மேலே முடி, அதை வெட்டினால் நெற்றி, அதற்குக் கீழே கண். வெட்ட வெட்ட ஓரம் வந்துகொண்டே இருந்தது. கடைசியில் அந்த ஆப்பே கையெடுத்துக் கும்பிட்டது: 'இதற்கு மேல் வெட்ட முடியாது.' அப்போது படத்தில் இருந்தது பால்ச்சாமியின் மூக்கு மட்டும்.

"இதைத்தான் போடணுமா?" என்று கேட்டார் மரியதாஸ்.

"நாங்க நாலு பேரும் சேர்ந்து முடிவு பண்ணினது, அண்ணாச்சி."

முகூர்த்த சீசன். கடையில் கூட்டம். மரியதாஸ் அதையே அச்சடித்துக் கொடுத்துவிட்டார்.

கல்யாணத்தன்று நல்லமுத்தன்பட்டி மண்டபத்து வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு மூக்கு நின்றது. அதற்குக் கீழே, 'மணமகன் பால்ச்சாமி. வருக வருக.' பெண்ணின் தாய்மாமன் இடுப்பில் கைவைத்து அண்ணாந்து பார்த்தார். "மாப்பிள்ளைக்கு மூக்கு நல்ல எடுப்பு" என்றார். பெண் வீட்டார் எல்லாரும் ஆமோதித்தார்கள்.

சங்கையாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. பேனருக்கு இடப்பக்கம், கம்புக்கு அந்தாண்டை வெறும் காற்றில் கையைக் காட்டி, வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்: "இந்த இடத்துலதான் நான் நிக்கிறேன். இன்னும் கொஞ்சம் தள்ளி ஒரு ஆடு நிக்குது." அவர்களும் அந்தக் காற்றைப் பார்த்து, "நல்லா விழுந்திருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்கள். அதற்குப் பிறகு அவன் முகம் தெளிந்தது.

கெட்டிமேளம் கொட்ட ஐயர் கையைத் தூக்கினார். பால்ச்சாமி தாலியைக் கையில் எடுத்தான். ஓமப் புகை ஏறி, மண்டபமே அதிர, "ஹச்" என்று ஒரு தும்மல்.

மேளம் நின்றது. தாய்மாமன் எழுந்தார். "தாலி கட்டுற நேரத்துல மாப்பிள்ளை தும்மலாமா? இது ஆகாது. முகூர்த்தத்தைத் தள்ளி வைங்க!"

மணமேடையில் பால்ச்சாமி தாலியை இறுகப் பிடித்துக்கொண்டான். மணப்பெண் தலையைத் தூக்காமலே அழ ஆரம்பித்தாள். சங்கையா, பெத்துராசு, கொண்டல்சாமி மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். கொண்டல்சாமி நாற்காலி மேல் ஏறி, பேனரில் இருந்த மூக்கை நுனியிலிருந்து துவாரம் வரை தடவிப் பார்த்தான். மூச்சு வாங்க உள்ளே ஓடிவந்தார்கள்.

"மூக்கு நல்லாக் காய்ஞ்சு கிடக்கு!" என்று சங்கையா சபைக்குச் சொன்னான். "தும்மினது மாப்பிள்ளை இல்லை!"

தாய்மாமன் நம்பவில்லை. பெரியவர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு தானே போய்த் தொட்டுப் பார்த்தார். திரும்பி வந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"உண்மைதான். ஒரு பொட்டு ஈரம் இல்லை. கட்டச் சொல்லுங்க!"

மேளம் கொட்டியது. பால்ச்சாமி போன உயிர் திரும்பி வந்தவனாகத் தாலியின் மூன்று முடிச்சையும் போட்டு முடித்தான். போட்ட கையோடு மறுபடியும் ஒரு தும்மல், முதலில் வந்ததைவிடப் பலமாக.

அவன் அங்கவஸ்திரத்தால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சபையை ஒரு முறை முறைத்துப் பார்த்தான்.

"யாருப்பா அது, சும்மா சும்மா தும்முறது?"