சிஸ்டர் வாங்கிய வீணை

"வீணையை மாத்திடலாம்டி. கையை எந்தக் கடையில போய் மாத்துறது?"

சொன்னவள் யாரென்று தெரியவில்லை. பிள்ளைகளை வகுப்புக்கு அழைத்து வந்த தாய்மார்கள் வாசலில் செருப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி சொன்னாள். மற்றவர்கள் சிரித்தார்கள்.

உள்ளே திலகவதி வீணையை உறையில் போட்டுக்கொண்டிருந்தாள். ஜிப்பைப் பாதியில் நிறுத்தினாள்.

தன்னைத்தான் சொன்னார்களா? கேட்கவா முடியும்? ஆனால் அன்றைக்கு வகுப்பில் வாசித்தவர்களில் தலை நரைத்தவள் அவள் ஒருத்திதான்.

வேலைக்காலம் முழுக்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். ஓய்வு பெற்ற மறு வாரமே வீணை வகுப்பில் சேர்ந்தாள்; மூன்றாவது வருஷம் ஓடுகிறது. திண்டுக்கல்லில் பாதிப்பேர் இன்னும் அவளை 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். வீணை சொல்லித்தரும் மீனலோசனியும் அப்படித்தான். மீனலோசனிக்கு வயது திலகவதியின் மகளைவிடக் குறைவு.

எல்லோரும் போகட்டும் என்று திலகவதி காத்திருந்தாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க சிஸ்டர்."

"ஏகாந்த வீணை ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். ஒட்டுப் போடாம, ஒரே பலாமரத்துல குடைஞ்சது."

மீனலோசனி புருவத்தை உயர்த்தினாள். அந்த ஊரில் அப்படி ஒரு வீணை அவளிடம் மட்டும்தான் இருந்தது.

"எங்க வீட்டுக்காரர் படிப்படியாப் போங்கறார். இப்ப இருக்கிறதைவிடக் கொஞ்சம் நல்லதா ஒண்ணு. ரெண்டு வருஷம் கழிச்சு அதைவிட நல்லது. கடைசியில இது. சைக்கிள் பழகறதுக்கு முன்னாடி யாராவது கார் வாங்குவாங்களான்னு கேக்குறார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சைக்கிள் பழகப் போய்ப் பல்லை உடைச்சுக்கிட்டவர் பேசுற பேச்சா இதுன்னேன்."

மீனலோசனி சிரித்துவிட்டாள். திலகவதி சிரிக்கவில்லை. இடது கையை விரித்து நீட்டினாள்.

"காலையில எழுந்ததும் இந்த ரெண்டு விரலும் மடங்க மாட்டேங்குது. வெந்நீர்ல வச்சாத்தான் வழிக்கு வருது. இது எங்கே போய் நிக்கும்னு எனக்குத் தெரியும் டீச்சர். எத்தனை பேருக்குப் பார்த்திருக்கேன். ஒவ்வொரு படியா ஏறிப் போனா, மேல போய்ச் சேர்ற நேரத்துல விரல் இருக்காது."

மீனலோசனி அந்த விரல்களைப் பார்த்தாள்.

"ஒரே ஒரு வர்ணம். நாலு பேர் காது குடுத்துக் கேக்குற மாதிரி வாசிச்சிட்டாப் போதும். அதுக்கு மேல ஆசை இல்லை. சொல்லுங்க, உடனே வாங்கிடவா? படிப்படியாப் போகவா?"

"உறையைப் பிரிங்க" என்றாள் மீனலோசனி.

திலகவதியின் வீணையை வாங்கி மடியில் வைத்து மீட்டினாள். அவள் கையிலும் அது அப்படியேதான் இருந்தது. வீணைக் குடத்துக்குள் யாரோ பழந்துணியை அடைத்து வைத்த மாதிரி ஒரு சத்தம்.

"வீணை மோசம்தான்" என்றாள்.

திலகவதிக்கு உயிர் வந்தது. இத்தனை நாளில் ஒருவரும் சொல்லாத ஆறுதல்.

"இப்ப இதுல வாசிங்க."

மீனலோசனி தன் வீணையை அவள் முன்னால் நகர்த்தினாள். திலகவதி புடவையில் கையைத் துடைத்துக்கொண்டாள். வர்ணத்தின் முதல் வரியை எடுத்தாள். ஒவ்வொரு ஸ்வரமும் தேனில் நனைந்து வந்தது. ஆனால் தந்தியை மெட்டின் மேல் பக்கவாட்டில் இழுத்து ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குக் குழைய வேண்டிய இடத்தில், அவள் விரல் தொட்டும் தொடாமலும் விலகிக்கொண்டது. குழைவு வரவில்லை. ஸ்வரங்கள் கட்டை கட்டையாக நின்றன.

"ஏன் இழுக்கலை?"

"உங்க வீணையாச்சே டீச்சர்."

"சரி."

"அப்ப என்ன முடிவு?"

"சொல்லிட்டீங்களே சிஸ்டர்."

மீனலோசனி எழுந்து காபி போடப் போய்விட்டாள்.

என்ன சொன்னோம்? வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் திலகவதி யோசித்தாள். பேருந்து நிலையத்தைத் தாண்டும்போது பிடிபட்டது. 'உங்க வீணை' என்றல்லவா சொன்னோம்! அடுத்தவர் வீணை என்பதால்தான் கை கூசியது. சொந்த வீணை என்றால் ஏன் கூசப்போகிறது?

அந்த மாதமே தஞ்சாவூருக்குப் போய் வாங்கிவிட்டாள்.

திரும்பி வரும்போது காரின் பின் சீட் முழுக்க வீணைக்கு. கணவர் தனபால் முன் சீட்டில், எல்லாப் பைகளையும் மடியில் அடுக்கிக்கொண்டு முகம் மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தார்.

"மெதுவா ஓட்டுப்பா" என்று திலகவதி டிரைவரிடம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"நம்ம பொண்ணு பிரசவம் ஆகி வந்தப்பகூட இவ்வளவு மெதுவா வரலை" என்றார் தனபால், பைகளுக்கு மேலாக.

வீட்டுக்கு வந்ததும் ஆரத்தி எடுத்தாள். பூஜையறையில் பட்டுத் துணி விரித்து வைத்தாள். குடத்தில் சந்தனம், குங்குமம். வீணையின் நுனியில் செதுக்கிய யாளி முகத்துக்கு ஒரு முழம் மல்லிகை.

அடுத்த வகுப்புக்குப் பழைய வீணையோடு வந்தாள்.

"புதுசு எங்கே?" என்றாள் மீனலோசனி.

"பஸ்ல இடிபட்டுடும் டீச்சர்."

அதற்கடுத்த வகுப்பில் மழை. அதற்கப்புறம் வெயில். வெயிலில் மெட்டு பதித்திருக்கிற மெழுகு இளகிவிடுமாம். அப்புறம் மீனலோசனி கேட்பதை விட்டுவிட்டாள்.

ஆடி மாதக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், சொல்லாமல் கொள்ளாமல் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள்.

"வாங்க டீச்சர்! ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"வீணையைப் பார்க்க வந்தேன்."

திலகவதி பெருமையாகப் பூஜையறைக் கதவைத் திறந்தாள். வீணை பளபளவென்று இருந்தது. அன்றைக்குக் காலையில்தான் பூ மாற்றியிருந்தாள். மீனலோசனி குனிந்து பார்த்தாள். தந்திகளுக்கு அடியில் ஒரு விரல் தடம்கூட இல்லை.

"எப்ப பூஜையில வச்சீங்க?"

"வாங்கிட்டு வந்த அன்னைக்கே."

சரஸ்வதி பூஜைக்குப் புத்தகமும் வாத்தியமும் பூஜையில் வைத்தால் அன்றைக்கு யாரும் தொடமாட்டார்கள். மறுநாள் விஜயதசமி. அன்றைக்கு எடுத்துப் படித்தே, வாசித்தே ஆக வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம்.

"விஜயதசமி எப்ப சிஸ்டர்?"

திலகவதி பட்டுத் துணியின் சுருக்கத்தை நீவினாள். கூடத்திலிருந்து தனபாலின் சிரிப்புச் சத்தம் வந்தது.

"இது புது மருமக, டீச்சர்! வேலை சொல்ல மாமியாருக்குப் பயம். பழைய வீணைதான் பாவம், பாத்திரம் தேய்க்குது."

"நீங்க சும்மா இருங்க" என்றாள் திலகவதி. பிறகு மீனலோசனியிடம், "கை கொஞ்சம் தேறட்டும்னுதான் டீச்சர். பழசுல வர்ணம் சுத்தமா வந்துட்டா உடனே இதை எடுத்துடுவேன்."

"உடனே வாங்கினதும் ஆச்சு. படிப்படியாப் போறதும் ஆச்சு" என்றார் தனபால்.

"விரல் எப்படி இருக்கு?" என்று கேட்டாள் மீனலோசனி.

திலகவதி கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள். "முன்னே ரெண்டு விரல். இப்ப மூணு."

மீனலோசனி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். திலகவதியும் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் புதுசா வர்ற நர்ஸ் பிள்ளைகளுக்கு ஊசி போட எப்படிச் சொல்லித்தருவீங்க?"

வீணையைப் பற்றி என்னவோ சொல்லப்போகிறாள் என்று திலகவதி நினைத்திருந்தாள். ஆனாலும் இந்தக் கேள்விக்கு அவள் யோசிக்க வேண்டியதில்லை.

"முதல்ல ஆரஞ்சுப் பழத்துல குத்தச் சொல்லுவேன்."

"எவ்வளவு நாளைக்கு?"

"ரெண்டு நாள். மிஞ்சினா மூணு. அதுக்கு மேல பழத்தைக் கண்ணுலயே காட்ட மாட்டேன்."

"ஏன்?"

"பழத்துக்கு வலிக்காதுன்னு கைக்குத் தெரியும் டீச்சர். நாள் முழுக்கக் குத்தும். ஆளைப் பார்த்ததும் நடுங்கும். பழத்துல எவ்வளவு பழகினாலும் அந்த நடுக்கம் போகாது."

"அப்ப நேரா நோயாளிகிட்ட அனுப்பிடுவீங்களா?"

"நல்லாச் சொன்னீங்க! நோயாளி என்ன பாவம் பண்ணினான்? என் கையைத்தான் நீட்டுவேன். குத்துடீன்னுவேன். அது அழும். சிஸ்டர் வேண்டாம் சிஸ்டர்னு அழும். குத்தினாத்தான் இன்னைக்கு உனக்குச் சோறுன்னு சொல்லுவேன்."

"வலிக்காதா?"

"வலிக்காம? தப்பாக் குத்தி நீலம் பாஞ்சு கிடக்கும், வாரக்கணக்கா. எங்க வீட்டுக்காரர் திட்டுவார். அதுக்கென்ன பண்றது, கை இருக்கிறதே…"

வாக்கியம் அங்கேயே நின்றது.

மீனலோசனி எழுந்தாள். யாளியின் கழுத்திலிருந்த மல்லிகையைக் கழற்றிச் சாமி படத்துக்குப் போட்டாள். குடத்திலிருந்த குங்குமத்தைத் தன் துப்பட்டாவால் துடைத்தாள். வீணையைத் தூக்கி வந்து திலகவதியின் மடியில் வைத்தாள்.

"குத்துங்க" என்றாள்.

திலகவதியின் கை நடுங்கியது. எத்தனையோ பச்சைக் குழந்தைகளின் நரம்பைத் தேடிப் பிடித்த கை. தனபால் பூஜையறை வாசற்படியில் வந்து நின்றார்.

அவள் வர்ணத்தை எடுத்தாள். முதல் வரி தேன். இரண்டாவது வரியில் இழுக்க வேண்டிய இடம் வந்தது. விரல் தொட்டு விலகியது.

"மறுபடி" என்றாள் மீனலோசனி.

மறுபடியும் விலகியது.

"மறுபடி."

திலகவதி கண்ணை மூடினாள். இழுத்தாள்.

அந்த ஒலி எழுந்தது. மூன்று வருஷமாக அவள் காதுக்குள் மட்டும் இருந்த குழைவு அறை முழுக்கப் பரவியது. தனபால் வாசற்காலைப் பிடித்துக்கொண்டார். திலகவதி இன்னும் கொஞ்சம் இழுத்தாள்.

டங்கென்று தந்தி அறுந்தது.

அறுந்த முனை சுருண்டு தெறித்தது. குடத்தின் பளபளப்பில் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளையாகக் கீறல் விழுந்தது.

"ஐயோ" என்றார் தனபால்.

மீனலோசனி அசையவில்லை.

திலகவதி கீறலைப் பார்த்தாள். விரலால் அதைத் தடவினாள், ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும். பிறகு அந்த விரலை அடுத்த தந்திக்குக் கொண்டுபோய், விட்ட இடத்திலிருந்து இழுத்தாள்.