மைனா சொன்ன சாட்சி

பறவைகளும் மனிதர்களும் ஒரே பேச்சைப் பேசிவந்த அந்தக் காலத்தில், பனி கொட்டும் வடதேசம் ஒன்றில் ரிசில்தா என்றொரு பெண் இருந்தாள். கொள்ளைநோய் அவள் கணவனையும் இரண்டு பிள்ளைகளையும் ஒரே வாரத்தில் கொண்டுபோயிற்று. பிணங்களைக் குழியில் கொட்டினார்கள். குளிப்பாட்ட ஆளில்லை. செபம் சொல்லக் குருவும் வரவில்லை.

அதன்பின் அவள் கோயில் சுவரை ஒட்டிய சிறு அறைக்குள் புகுந்து, வாசலைக் கல் வைத்து அடைக்கச் சொல்லிவிட்டாள். சாகும்வரை செபத்திலேயே இருக்க விரும்பும் பெண்கள் அங்கே அப்படிச் செய்வதுண்டு. ரொட்டியும் தண்ணீரும் வாங்க ஒரு சன்னல் மட்டும் இருந்தது. அதில் வந்து உட்காரும் கறுத்த மைனாதான் அவளுக்குப் பேச்சுத்துணை. ரொட்டியில் பாதி அதற்கு.

ஒன்பதாம் வருடம் ஒரு மதியம் அறை முழுக்க வெளிச்சம் நிறைந்தது. சுவர் மறைந்து, அந்தப் பிணக்குழி தெரிந்தது. பாவாடையைத் தூக்கிச் செருகிய ஒரு பெண் குழிக்குள் குனிந்து, ஈரத்துணியால் ஒவ்வொரு பிணமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் கைகள் வெடித்துப்போயிருந்தன. ரிசில்தாவின் சின்ன மகளைக் காதுமடல்கூட விடாமல் துடைத்தாள்.

"நீங்கள் யாரம்மா?"

"தினமும் 'ஆண்டவரே, ஆண்டவரே' என்று யாரைக் கூப்பிடுகிறாய்? என்னைத்தானே. இங்கே வேறு யாரும் வரவில்லை மகளே. நான் வந்தேன்."

துணியை உதறியபோது தண்ணீர் சன்னலில் இருந்த மைனாவின் மேல் தெறித்தது. தெறித்த இடமெல்லாம் வெள்ளைப்புள்ளி விழுந்தது.

பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்களிடம் ரிசில்தா இதைச் சொன்னாள். அவர்கள் சன்னலைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். "ஆண்டவரே குழிக்குள் இறங்கினாராம். நம்ம சாமியார் அப்போது எங்கே போயிருந்தார்?" என்று ஊருக்குள் கேட்கவும் தொடங்கினார்கள். பேச்சு, குருக்களுக்கெல்லாம் தலைவரான ஆயரின் காதுக்கு எட்டியது. அவர் நேரிலேயே வந்தார். கையோடு ஒரு கொத்தனாரையும் அழைத்துவந்தார்.

"ஆண்டவர் என்ன, பிணம் கழுவுகிறவளா? யார் பார்த்தது?"

"இந்த மைனாவும் பார்த்தது, ஆண்டகையே. அதன் இறகைப் பாருங்கள்."

ஆயர் மைனாவின் பக்கம் திரும்பினார். கொத்தனார் சாந்து குழைத்துக்கொண்டிருந்தார்.

"இவள் பொய் சொல்கிறாள். நீ என்ன சொல்கிறாய்?"

"பயப்படாதே. பார்த்ததை மட்டும் சொல்லு," என்றாள் ரிசில்தா.

மைனா அவளைப் பார்த்தது. ஆயரைப் பார்த்தது. "இவள் பொய் சொல்கிறாள்," என்றது, ஆயரின் அதே குரலில்.

ரிசில்தா அதைத் திட்டவில்லை. சன்னலில் முதல் கல் ஏறும்போது, "என் மகளைத் துடைத்துவிட்டதை நீயும் பார்த்தாயே," என்று மட்டும் கேட்டாள். மைனா மறுபடி வாயைத் திறந்தது. உண்மையைச் சொல்லத்தான் திறந்தது. "இவள் பொய் சொல்கிறாள்" என்றே வந்தது.

கடைசிக் கல்லும் ஏறியது. உள்ளேயிருந்து நாலு நாள் செபம் கேட்டது. ஐந்தாம் நாள் கேட்கவில்லை.

அன்றைக்குத் தொலைத்த சொந்தப் பேச்சு மைனாவுக்குத் திரும்பக் கிடைக்கவேயில்லை. அன்று தொடங்கித்தான் அது, யார் எதைச் சொன்னாலும், அதையே அவர்கள் குரலில் திருப்பிச் சொல்லிக்கொண்டு திரிகிறது.