பவளம் பெயர்த்த கல்

கொக்கு மலையின் உச்சியில் ஒரு மடம் இருந்தது. மடத்தில் ஒரு சாமியார் இருந்தார். வயது அதிகமில்லை. தம்பி வயதுதான் என்றாலும் அடிவாரத்துப் பெண்கள் அவரைச் சாமி என்றே கூப்பிட்டார்கள். அவர் எல்லாரையும் அம்மா என்றார்.

மலைப்பாதையை அடிவாரத்து ஜனங்களே தொண்டாகப் பார்த்துக்கொண்டார்கள். ஆளுக்கு ஒரு பங்கு.

பவளத்துக்கு வந்தது ஒரு வளைவு. ஏற்றமான இடம். மழைத் தண்ணீர் அறுத்து அறுத்துப் பள்ளமாகக் கிடந்தது. அவள் உழவாரத்தால் முள்ளையும் புல்லையும் செதுக்கினாள். கடப்பாரையால் கற்களை நெம்பி உருட்டி வந்து படியாகப் பதித்தாள். தண்ணீர் பாதையில் இறங்காமல் ஓரமாகப் போக வாய்க்கால் வெட்டினாள். ஒவ்வொரு கல்லின் மேலும் ஏறி நின்று பார்ப்பாள். ஆடினால் பெயர்த்து மறுபடி போடுவாள். முதுகு போச்சு, இடுப்பு போச்சு என்று வீட்டில் புலம்புவாள். மறுநாளும் வந்துவிடுவாள்.

வளைவுக்குக் கீழே ஒரு வழுக்குப் பாறை. சுனைத் தண்ணீர் கசிந்து எப்போதும் பாசி பிடித்திருக்கும். அங்கே கல் பதிக்க வழியில்லை. அது அஞ்சுகத்தின் பங்கு. அவள் பாசியைச் சுரண்டி விடுவாள். பௌர்ணமியன்று கூட்டம் ஏறும்போது பாறைமேல் நின்று ஒவ்வொருவருக்கும் கை கொடுப்பாள்.

கை கொடுத்தவளை யார் மறப்பார்கள்? ஒருத்தி தன் தலைப்பூவில் பாதியைக் கிள்ளி அஞ்சுகத்துக்கு வைத்தாள். ஒரு கிழவி கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். பாறையைத் தாண்டியவர்கள் அவள் பேச்சாகவே மேலே வந்தார்கள். ஒரு பெரியவர் பவளம் பதித்த கல்லின் மேலேயே மூச்சு வாங்க நின்றுகொண்டு, அந்தம்மா இல்லையென்றால் இன்றைக்குத் தன் இடுப்பு முறிந்திருக்கும் என்றார். பிறகு, ஓரத்தில் கூடையோடு நின்ற பவளத்தைப் பார்த்து, கொஞ்சம் தள்ளி நில்லும்மா என்றார்.

பவளத்துக்கு வயிறு எரிந்தது.

அன்று கூட்டம் இறங்கிய பிறகு அஞ்சுகம் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"கை கழண்டு போச்சுக்கா. உன்ன மாதிரி கல்லப் போட்டுட்டு உக்காந்திருக்க எனக்குக் குடுத்து வைக்கல."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பவளத்துக்கு அந்த 'உக்காந்திருக்க' மட்டுமே காதில் நின்றது. இரவெல்லாம் அதையே மென்றாள்.

மறுநாள் மடத்துக்குப் போனாள். சாமி பந்தியில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவள் முறை வந்தபோது இலைக்கு மேலே கையை மறித்துக்கொண்டு கேட்டாள்.

"சாமி, மலை ஏறி இறங்கறீங்களே. என் வளைவ ஒரு நாளாவது பாத்திருக்கீங்களா?"

சாமி மோர்ச் செம்போடு யோசித்தார்.

"இல்லையேம்மா" என்றார்.

மேற்கொண்டு என்ன சொல்ல வந்தாரோ, அவள் இருக்கவில்லை. இலையை மடித்துவிட்டு எழுந்து போனாள்.

அடுத்த பௌர்ணமி வந்தது. விடியும்போதே பவளம் கடப்பாரையோடு வளைவுக்குப் போனாள். வளைவின் நடுவில் இருந்த படிக்கல்லை நெம்பினாள். அது லேசில் அசையவில்லை. அவள் போட்ட கல். வேர்க்க வேர்க்க நெம்பிப் பெயர்த்து, புதருக்குள் உருட்டிவிட்டாள். குழிக்குப் பக்கத்தில் முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றாள்.

கூட்டம் ஏறி வந்தது. குழியைப் பார்த்துத் தயங்கியது. பவளம் கையை நீட்டினாள்.

பிடித்தார்கள். ஏறினார்கள். நல்லா இருப்பே தாயி என்றார்கள். ஒருவர் ஊரும் பேரும் கேட்டார். ஒரு பெண் மடியிலிருந்து இரண்டு வாழைப்பழம் எடுத்துக் கொடுத்தாள். இத்தனை காலம் இதெல்லாம் அந்தப் பாறைக்கே போய்க்கொண்டிருந்ததே என்று பவளம் நினைத்தாள். கீழே அஞ்சுகம் பார்க்கிறாளா என்று இரண்டு முறை எட்டிப் பார்த்தாள்.

வெயில் ஏறியது. ஒரு பாட்டியம்மா பவளத்தின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, உன்னைப் பெற்ற வயிறு குளிரணும் என்று வாழ்த்திக்கொண்டிருந்தாள். பவளம் மலைக்கு முதுகைக் காட்டி நின்றாள். இன்னும் கொஞ்சம் சொல்லட்டும் என்று தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

பின்னால் தொப்பென்று சத்தம் கேட்டது.

மேலேயிருந்து இறங்கி வந்த சாமி குழியில் கால் வைத்து விழுந்துவிட்டார்.

கூட்டம் பதறியது. அஞ்சுகம் பாறையிலிருந்து ஓடி வந்தாள். சாமியைத் தூக்கி உட்கார வைத்து, தன் சேலை ஓரத்தைக் கிழித்து முழங்காலில் கட்டினாள். பவளம் வாழைப்பழத்தோடு நின்றாள். அதை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அஞ்சுகம் குழியைப் பார்த்தாள். மண் ஈரமாக, புதிதாக இருந்தது.

"மழைகூட இல்லையேக்கா. உன் கல்லு எப்படிப் போச்சு?"

பவளத்தின் கண் புதர்ப் பக்கம் போனது. சாமியும் அங்கே பார்த்தார். கல் மல்லாந்து கிடந்தது. அதன் விளிம்பில் கடப்பாரைக் கீறல் வெள்ளையாகத் தெரிந்தது. கட்டின் வழியாக ரத்தம் கசிந்து சேலைத்துண்டு சிவந்துகொண்டே வந்தது.

பவளத்தால் பொறுக்க முடியவில்லை. பயத்தில் கோபம்தான் வந்தது.

"கீழ பாத்து வரக் கூடாதா சாமி" என்றாள்.

சாமி அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"மத்த இடத்துல எல்லாம் கீழ பாத்துத்தாம்மா வருவேன். உங்க வளைவு வந்தாத்தான் தலைய நிமிர்த்தி வானத்தப் பாப்பேன். இன்னிக்கும் அப்படித்தான் வந்தேன்."