எட்டு எம்பிக்குள் ஒரு மூச்சு

சீடருக்கு வயது ஐம்பத்தெட்டு. குருவுக்கு முப்பத்தாறு.

சீடரின் பெயர் பொன்னுரங்கம். அரூரில் இருபத்தெட்டு வருடம் கல்யாண வீடியோ எடுத்தவர். அவர் படம் பிடித்த மணப்பெண்களில் சிலர் இப்போது மாமியாராகிவிட்டார்கள். குருவின் பெயர் மெகருன்னிசா. மலைக் கிராமத்துத் தாய்மார்களுக்காக உடல்நலப் படங்கள் எடுக்கும் சிறிய அமைப்பு ஒன்றில் வேலை. எடுத்த படத்தைச் சுருக்கி, எந்தக் கைபேசியிலும் ஓடும்படி செய்து தருவார்.

இப்போது கல்யாணங்களை ட்ரோன் வைத்து எடுக்கிறார்கள். பொன்னுரங்கத்தைக் கூப்பிடுகிறவர்கள் குறைந்தார்கள். புதிதாக ஒரு வேலை படிக்கலாம் என்று மெகரிடம் வந்து சேர்ந்தார். வந்த அன்றே "டீச்சர்" என்றார்.

"பேர் சொல்லியே கூப்பிடுங்கண்ணே."

அவர் கேட்கவில்லை. காரணம், மேசை மேல் இருந்த ஒரு எவர்சில்வர் தாம்பாளம். அதில் பதினொரு பழைய கைபேசிகள் கிடந்தன. திரை கீறியது, பொத்தான் தேய்ந்தது, மூடி கழலாமல் இருக்க ரப்பர் பேண்ட் போட்டது. ஒவ்வொன்றின் குணமும் மெகருக்கு மனப்பாடம்.

"இது ரெண்டாவது நிமிஷத்துல திக்கும். இதுக்கு ஒரே ஸ்பீக்கர், ஸ்டீரியோ கொடுத்துப் பிரயோஜனம் இல்ல. இது எல்லாத்தையும் திறக்கும், கொஞ்சம் யோசிச்சுத் திறக்கும்."

பதினொன்றிலும் சரியாக ஓடிய படம்தான் மலைக் கிராமங்களுக்குப் போகும். இத்தனை வருடத்தில் தன் படத்தை யார் எதில் பார்க்கிறார்கள் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்க்காதது பொன்னுரங்கத்துக்கு அப்போதுதான் உறைத்தது.

மூன்றாம் மாதம் மெகர் ஒரு படத்தை முழுதாக அவரிடம் விட்டார். பச்சைக் குழந்தைக்கு மூச்சுத் திணறினால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒரு செவிலியர் சொல்லித் தரும் ஆறு நிமிடப் படம். நடுவில் நிஜக் குழந்தை ஒன்று ஒவ்வொரு மூச்சுக்கும் மெல்ல முனகும். "என் புள்ள பொழைச்சிருச்சு. மத்தவங்களும் கேட்டுத் தெரிஞ்சுக்கட்டும்" என்று அதன் தாய் சம்மதித்துக் கொடுத்த பதிவு.

"ஃபைல் எட்டு எம்பிக்குள்ள அடங்கணும்ணே. மலையில சிக்னல் ஒரு கோடுதான்."

பொன்னுரங்கம் இரண்டு நாள் உழைத்தார். ஒலிக்கு இருப்பதிலேயே சின்ன வடிவம், ஏ.எம்.ஆர். அது அரை எம்பிதான் பிடித்தது. மிச்சத்தையெல்லாம் படத்துக்குக் கொடுத்தார். செவிலியரின் புடவைக் கரை வரை பளிச்சென்று தெரிந்தது. பதினொரு கைபேசியிலும் ஓடியது.

"டீச்சர், ஒலிக்கு எது நல்ல வடிவம்னு கேட்டீங்கன்னா, இதுதான்" என்றார்.

சித்தேரி மலையிலிருந்து பயிற்சிக்கு வந்திருந்த சுகாதாரத் தொண்டர் வெள்ளச்சி, வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தார். மெகர் அவரைக் கூப்பிட்டு, அவருடைய கைபேசியிலேயே படத்தைப் போட்டுக் கொடுத்தார்.

வெள்ளச்சி பார்த்தார். செவிலியரின் குரல் மணி மாதிரி கேட்டது. "இப்ப ஒரு சத்தம் வரும். இந்தச் சத்தம் கேட்டா நேரத்தைக் கடத்தாதீங்க. உடனே கிளம்புங்க."

திரையில் குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்கியது. கைபேசியிலிருந்து லேசான ஒரு உஸ். அவ்வளவுதான்.

வெள்ளச்சி கைபேசியைக் காதில் வைத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து கேட்டார்.

"எந்தச் சத்தங்க?"

பொன்னுரங்கம் மூலப்பதிவை ஓடவிட்டார். முனகல் இருந்தது. தான் சுருக்கியதை ஓடவிட்டார். முனகல் இல்லை.

"எங்க போச்சு டீச்சர்?"

"அது போன்ல பேசறதுக்காகச் செஞ்ச வடிவம். மனுசங்க பேச்சை நல்லாத் தாங்கும். பேச்சு இல்லாததெல்லாம் அதுக்கு வெறும் இரைச்சல்."

"குழந்தை மூச்சு இரைச்சலா?"

"அதுக்கு யார் சொல்லித் தர்றது? நீங்கதான சொல்லணும்."

அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை. வீம்பு பிடித்தவர் மாதிரி உட்கார்ந்து, ஒலிக்கு ஏ.ஏ.சி வடிவத்தைப் போட்டார். ஸ்டீரியோ, உயர்ந்த தரம். முனகல் பக்கத்தில் குழந்தை படுத்திருப்பது போலக் கேட்டது. படம் பதின்மூன்று எம்பி ஆனது.

மெகர் பார்த்தார். "ரொம்ப நல்லாருக்குண்ணே. மலைக்கு எப்படிப் போகும்?"

"அப்ப என்னதான் செய்யறது?"

மெகர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஸ்டீரியோவின் இரண்டு ஒலித்தடத்தையும் ஒன்றாக்கி மோனோ ஆக்கினார். தரத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, குழந்தை முனகும் இடத்தை மட்டும் கேட்டார். இன்னும் இறக்கினார், கேட்டார். ஏழெட்டு தடவை அப்படி. ஒரு இடத்தில் கை நின்றது. ஒரு படி மேலே ஏற்றி வைத்தார். அந்த ஒரு படிக்கு முன்னும் பின்னும் பொன்னுரங்கமும் கேட்டுப் பார்த்தார். கீழே, அது வெறும் காற்று. மேலே, ஒரு குழந்தை. இருபத்தெட்டு வருடம் கேமராவோடு வாழ்ந்த மனுசருக்கு, இந்தப் பெண்ணின் காதைக் கும்பிடலாம் போலிருந்தது.

"ஒலி இப்ப ரெண்டு எம்பிக்கு மேல வருது. மிச்சத்துல படம் அடங்கணும். நீங்களே குறைங்க" என்று மெகர் எழுந்துகொண்டார்.

பொன்னுரங்கம் குறைத்தார். புடவைக் கரை போனது. செவிலியர் கையை அசைத்தால் விட்டு விட்டு அசைந்தது. முகம் மங்கியது.

"கண்ணு, மூக்கே தெரியல டீச்சர். பார்க்கறவங்க என்னைத் திட்டுவாங்க."

"திட்டட்டும்ணே."

சாயங்காலம் வெள்ளச்சி ஊருக்குக் கிளம்புவதற்குள் அவர் கைபேசியில் புதிய படம் ஏறியது. முனகல் வந்ததும் வெள்ளச்சி இடுப்பில் இல்லாத குழந்தையைத் தூக்குவது போலக் கையைக் கொண்டுபோனார். பொன்னுரங்கம் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

ஐந்து வாரம் கழித்துப் பொன்னுரங்கத்துக்கு ஒரு போன் வந்தது. வெள்ளச்சிதான்.

"அந்தப் படத்துல சிஸ்டர் மூஞ்சி சரியாவே தெரியலீங்க" என்று ஆரம்பித்தார்.

"ஆமாம்மா. என் தப்புதான்."

"அது கிடக்குதுங்க. எங்க கொழுந்தன் பொண்டாட்டி போன வாரம் புள்ள பெத்தா. பாலே குடிக்கல. கிட்டப் போய்க் காதை வச்சுக் கேட்டேன். படத்துல வந்த அதே முனகலு. தூங்குது, விடுன்னாங்க எல்லாரும். நான் விடல. ஜீப் புடிச்சு ஆஸ்பத்திரிக்கு எறக்கிட்டோம். இன்னிக்குத்தான் பால் குடிச்சுது."

"நல்லதும்மா" என்று சொல்லிப் பொன்னுரங்கம் போனை வைத்தார். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அந்தப் படத்துக்குப் போட்ட கணக்கையெல்லாம் கொட்டை எழுத்தில் எழுதினார். ஏ.ஏ.சி. மோனோ. ஒலியின் தரம் இவ்வளவு. படத்தின் அளவு இவ்வளவு. கம்ப்யூட்டருக்கு மேலே சுவரில் ஒட்டினார்.

மெகர் உள்ளே வந்தார். போன் விவரத்தைக் கேட்டுக்கொண்டார். பிறகு சுவரைப் பார்த்தார்.

"இது எதுக்குண்ணே?"

"இனிமே வர்ற எல்லாப் படத்துக்கும் இதுதான் டீச்சர். மாத்தவே கூடாது."

மெகர் கைப்பையிலிருந்து ஒரு மெமரி கார்டை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"அடுத்த படம். இதுவும் எட்டு எம்பிதான்."

"எதைப் பத்தி?"

"மஞ்சக் காமாலை. குழந்தையோட கண்ணு வெள்ளையா இருக்கா, மஞ்சளா இருக்கான்னு பார்த்துக் கண்டுபிடிக்கணும்."

பொன்னுரங்கம் கார்டை வாங்கிக்கொண்டார். சுவரில் ஒட்டிய தாளை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இதுல சத்தம் என்னென்ன இருக்கு டீச்சர்?"

"சிஸ்டர் பேசறது மட்டும்தாண்ணே."