வேர்க்காத உடம்பும் ஒற்றைக் கெப்பாசிட்டரும்

வேலூரில் ஒரு வெயில் இருந்தது. அந்த வெயிலுக்கு நடுவே மூன்று வீடுகள் கொண்ட ஒரு கட்டடமும் இருந்தது, ஒன்றன் மேல் ஒன்றாக. கத்திரியின் ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. பகல் பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் ஒருமுறை கண்ணை மூடித் திறந்து, எகிறிக்கொண்டு வந்தது. அதன்பின் மூன்று வீட்டு ஏசியிலும் குளிர் இல்லை. மூன்று பேரும் மெக்கானிக் தஸ்தகீருக்குப் போன் செய்தார்கள்.

தஸ்தகீரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. கூப்பிட்ட வரிசையில்தான் வேலை செய்வார். "கலெக்டர் வீடா இருந்தாலும் க்யூதான்" என்பார். பதினெட்டு வருடமாக அந்தப் பேச்சை அவர் மீறியதில்லை.

முதலில் கூப்பிட்டவர் கீழ்வீட்டு ஞானசுந்தரம். துணைத் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர்; கட்டடத்துச் சங்கத் தலைவர். ஓய்வு வேலைக்குத்தான், குரலுக்கு இல்லை.

"வாய்யா பாய். முதல் போன் என்னோடது, ஞாபகம் இருக்கட்டும். மெஷின் கிளம்புது, பத்து நிமிஷம் ஜோரா ஓடுது, அப்புறம் படுத்துக்குது. கரண்ட் அடிச்சதுல கெப்பாசிட்டர் போயிருக்கும். எனக்குத் தெரியாததா?"

வெளியே இருந்த பெட்டி நீலத் தார்ப்பாய்க்குள் கயிறு போட்டு இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது.

"நேத்து சாயங்காலம் நானே கட்டினேன். வெயில் படக்கூடாதில்ல?" என்றார் தலைவர். பிணத்தைக்கூட அவ்வளவு இறுக்கிக் கட்டமாட்டார்கள்.

இரண்டாவது, நடுவீட்டுப் பத்மலோசனி. செல்போனில் பார்த்தே எல்லாம் கற்றவர். "மூணு நாளா பதினாறுலயே வச்சிருக்கேன், ஒரு நிமிஷம் நிறுத்தல. இப்போ காத்தே வரமாட்டேங்குது. கெப்பாசிட்டர்தான், வீடியோல பார்த்துட்டேன்" என்றார். அவர் வீட்டு வெளிப்பெட்டி நிற்காமல் உறுமிக்கொண்டிருந்தது. உள்பெட்டியின் மூடியைத் திறந்தால், வலையில் கம்பளிபோலத் தூசு. அதன் பின்னால் வெள்ளை வெளேரென்று பனிக்கட்டி.

மூன்றாவது, மொட்டைமாடிக்குக் கீழே இருந்த அருள்செல்வி. அவள் கணவன் ஜெயசீலன் இரண்டு வருடம் முன்பு சாரத்திலிருந்து விழுந்து கழுத்தெலும்பு முறிந்தவன். கழுத்துக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. அவர்கள் வீட்டு வெளிப்பெட்டியில் விசிறி சுற்றியது. கம்ப்ரஸர் 'ம்ம்ம்' என்று முனகி, 'டக்'கென்று அடங்கியது. மறுபடி முனகல், மறுபடி டக்.

ஜெயசீலனின் முகம் செங்கல் நிறத்தில் இருந்தது. தோல் காகிதம்போல உலர்ந்திருந்தது. அருள்செல்வி ஈரத்துணியை மாற்றிவிட்டுத் தெர்மாமீட்டரைக் காட்டினாள். நூற்றொன்று புள்ளி எட்டு.

"அண்ணே, கழுத்து அடிபட்டதுலேர்ந்து இவருக்கு வேர்க்காது. வெளிய சூடு ஏற ஏற உள்ளேயும் ஏறும். நூத்தி மூணைத் தாண்டவிட்டா உசுருக்கு ஆபத்துன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"பாய், என் நெத்தியில அப்பளம் சுடலாம். ரெண்டு போடட்டுமா?" என்றான் ஜெயசீலன். சிரிக்கும்போது உதடு வெடித்தது.

தஸ்தகீர் படியில் வந்து நின்று உண்மையைச் சொன்னார். பையில் இருப்பது ஒரே ஒரு கெப்பாசிட்டர். கடை நாளைக்குத்தான் திறக்கும். அரைச் சாண் உயர அலுமினிய டப்பா அது. நிற்கிற கம்ப்ரஸரை உதைத்துக் கிளப்பிவிடுவதுதான் அதன் வேலை.

"அப்போ எனக்குப் போடு. நாந்தான் முதல்ல. பதினெட்டு வருஷப் பேச்சு என்ன ஆச்சு?" என்றார் தலைவர்.

"எனக்கு வெயில் வந்தா தலைவலி வரும் சார். அவங்க ஒரு ஃபேன் போட்டுக்கலாமே" என்றார் பத்மலோசனி, மேலே பார்க்காமல்.

"அதானே! அவனுக்குத்தான் கழுத்துக்குக் கீழ ஒண்ணுமே தெரியாதே. தெரியாத உடம்புக்கு வெயில் என்ன, நிழல் என்ன?" என்று சொன்ன தலைவர், தன் கழுத்தில் வழிந்த வேர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டார். அந்த வேர்வைதான் தன்னைக் காப்பாற்றுகிறது என்று அவருக்குத் தெரியாது. நியாயம் பேசிவிட்ட திருப்தி மட்டும் முகத்தில் இருந்தது. பத்மலோசனி தலையை ஆட்டினார். ஆட்டுவதற்குத்தான் அது அவரிடம் இருந்தது.

அருள்செல்வி சண்டைக்கு வரவில்லை. "அண்ணே, நான் மூணாவதுதான். வரிசையில நிக்கிறேன். அவரு உடம்புச் சூடு நிக்காதுண்ணே" என்றாள்.

கேட்டீர்களா? சொன்ன சொல்லை மீறக்கூடாது. வரிசையில் ஒருவரையும் தாண்டக்கூடாது. கையில் இருப்பதோ ஒன்று. தஸ்தகீர் அந்தக் கெப்பாசிட்டரை யாருக்குப் போட்டால் சரி? போட்டபின் அவர் பேச்சு நிற்குமா, போகுமா?

விடை: மூன்றாவது வீட்டுக்கு, பேச்சும் நிற்கும். கிளப்பிவிடத்தானே கெப்பாசிட்டர்? கீழ்வீட்டு மெஷின் தானாகவே கிளம்புகிறது. தார்ப்பாய்க்குள் மூச்சு முட்டி நிற்கிறது. நடுவீட்டு மெஷின் ஓடிக்கொண்டே இருக்கிறது. தூசு அடைத்துப் பனி கட்டியிருக்கிறது. கிளம்ப முடியாமல் முனகியது ஒன்றுதான். ஆகவே தஸ்தகீர் வரிசைப்படியே போனார். முதலில் தலைவரின் கயிற்றை அவிழ்த்துத் தார்ப்பாயை உருவினார்; காற்றுப் பட்டதும் மெஷின் படுக்காமல் ஓடியது. "அந்தச் சனியனைத் தூக்கி எறி" என்றார் தலைவர். அடுத்து, ஏசியை நிறுத்தி, வலையைக் கழற்றிப் பத்மலோசனி கையில் கொடுத்து, "கழுவுங்கம்மா, பனி உருகட்டும்" என்றார். மூன்றாவதாக மேலே போய்க் கெப்பாசிட்டரைப் போட்டார். தூக்கி எறியச் சொன்ன தார்ப்பாயை ஜெயசீலனின் மேற்கு ஜன்னலுக்கு வெளியே கட்டினார். நான்கு மணிக்குத் தெர்மாமீட்டர் தொண்ணூற்றொன்பதுக்கு இறங்கியது. அன்றைக்கு முதல் வேலை தனக்குத்தான் நடந்தது என்று தலைவர் இன்றும் பெருமையாகச் சொல்கிறார். நடந்த வேலை கயிறு அவிழ்த்தது என்பதை மட்டும் சொல்வதில்லை.